மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: 16 எம்எம் சேகரிப்பாளர்களுக்கு டாக்டர் ஹூ ரசிகர்களின் திறந்த மடல்

பழைய 16 எம்எம் படச்சுருள்களை வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் அன்பர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சொத்தைக் கேட்டு இதை எழுதவில்லை. பிபிசியின் பழைய அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவின் தொலைந்த எபிசோட் ஒன்று உங்களிடம் இருந்தால், அது உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு முறை நல்ல ஸ்கேனரில் ஏறி இறங்கி வரட்டும். அதையும் தள்ளிப் போடாதீர்கள். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் யாருக்காகவும் காத்திருக்காது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர். வில்லியம் ஹார்ட்னெல்லும் பேட்ரிக் டிரௌட்டனும் டாக்டர் வேடத்தில் அடுத்தடுத்து நடித்த 1969 வரையிலான காலத்தில் 253 எபிசோடுகள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு அங்குல வீடியோ டேப்பில் பதிவானவை. டேப் விலை அதிகம் என்பதால் அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். வெளிநாட்டு விற்பனைக்காக மானிட்டர் திரையை 16 எம்எம் கேமராவால் படம்பிடித்து வைத்திருந்ததால்தான் பாதிக்கு மேல் பிழைத்தது. அந்தப் பிரதிகள் ஊர் ஊராகச் சுற்றின. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வாங்கிய தொலைக்காட்சி நிலையம் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும், அடுத்த நாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். பிபிசியின் விற்பனைப் பிரிவும் 1970களில் தன் நெகட்டிவ்களைக் கழித்துக் கட்டியது. 1978இல்தான் அது நின்றது. 2013 அக்டோபரில் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் கண்டெடுத்த சுருள்கள் அறிவிக்கப்பட்டபோது, தொலைந்தவற்றின் எண்ணிக்கை 106இலிருந்து 97ஆக இறங்கியது.

கிடைத்தவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1983இல் லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் ஒரு மோர்மன் தேவாலயக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு. 1992இல் ஹாங்காங்கிலிருந்து 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' நான்கும். 1999இல் நியூசிலாந்தில் ஒரு சேகரிப்பாளரிடம் ஒன்று. 2011இல் இரண்டு: சௌத்தாம்ப்டன் பக்கம் 1980களில் ஒரு விழாச் சந்தையில் வாங்கிய சுருள்கள், தொலைந்தவை என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஒரு வீட்டில் இருந்தன. அரசு ஆவணக் காப்பகங்களைவிட உங்களைப் போன்றவர்களின் பரண்கள்தான் எங்கள் நம்பிக்கை. சிங்கப்பூரிலும் மொரீஷியஸிலும்கூட இந்தத் தொடர் ஒளிபரப்பானது. பழைய நிலையச் சரக்கு கைமாறி வந்திருக்கக்கூடிய வீடுகள் அங்கும் இருக்கலாம்.

முதல் சிக்கல், டப்பாவின் மேல் 'டாக்டர் ஹூ' என்று எழுதியிருக்க வேண்டும் என்று நினைப்பது. 1966 வசந்தம் வரை ஒவ்வொரு எபிசோடுக்கும் தனித் தலைப்பு உண்டு. 'தி சேவேஜஸ்' கதையிலிருந்துதான் 'எபிசோட் 1', 'எபிசோட் 2' என்று வரத் தொடங்கியது. 1999இல் கிடைத்த எபிசோடின் தலைப்பு 'தி லயன்'. அப்படி ஒரு டப்பாவைப் பார்த்தால் காட்டுவிலங்குப் படம் என்று யாரும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே லேபிளை நம்பாமல் பிலிமைப் பாருங்கள். புரொஜெக்டரில் அல்ல, கையால்.

இரண்டு கைச்சுற்றிகள், ஒரு எல்இடி பலகை, எட்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நைட்ரைல் கையுறை போதும். பிலிமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். 16 எம்எம்மில் ஓர் அடிக்கு 40 பிரேம். பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பிரதி வினாடிக்கு 25 பிரேம் ஓடும். ஆக 25 நிமிட எபிசோட் சுமார் 940 அடி. 1200 அடி ரீலில் ஒன்று அடங்கும். படம் தொடங்குமுன் வரும் வெற்றுப் பிலிமான லீடரைத் தாண்டி 20, 25 அடி சுற்றினால் டைட்டில் வந்துவிடும். கறுப்பில் வெள்ளைப் புகை போல நெளியும் வடிவங்கள் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அந்த நெளிவுக்குள் டிரௌட்டனின் முகம் தெரிந்தால் 1967இன் 'தி மேக்ரா டெரர்' அல்லது அதற்குப் பிந்தையது. டைட்டிலுக்குப் பதில் தலைகீழாகப் பெயர்ப்பட்டியல் வந்தால் பதற வேண்டாம், ரீல் கடைசியிலிருந்து சுற்றப்பட்டிருக்கிறது.

ஓரத்தில் கோடாக்கின் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும், ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். கறுப்பாகத் தெரிவது உங்கள் பிரதியின் குறி. வெள்ளையாகத் தெரிவது நெகட்டிவிலிருந்து அச்சாகி வந்தது. இரண்டையும் குறித்து வையுங்கள்.

ஒலித்தடம் பாழாகியிருக்கிறது, அல்லது ஒலியே இல்லாத பிரதி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொலைந்த எல்லா எபிசோடுகளின் ஒலியும் இருக்கிறது. அந்தக் காலத்து ரசிகர்கள் தொலைக்காட்சிக்கு முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தவை அவை. படம்தான் இல்லை. ஊமைச் சுருளும் எங்களுக்கு முழுச் சுருள்தான். 50 அடித் துண்டும் அப்படித்தான். 'தி டென்த் பிளானட்' கடைசி எபிசோடில் ஹார்ட்னெல் டிரௌட்டனாக மாறும் அந்தச் சில வினாடிகள் இன்றும் காணக் கிடைப்பது, 'புளூ பீட்டர்' என்ற பிபிசி சிறுவர் நிகழ்ச்சிக்காக அந்தத் துண்டை எடுத்துப் போட்டதால் மட்டுமே.

'இது ஏற்கெனவே கிடைத்த எபிசோடாயிற்றே' என்று விடுவதும் பிழை. 'தி டைம் மெட்லர்' நான்காம் எபிசோடில் தணிக்கையில் போன 12 வினாடிகள் இன்னும் கிடைக்கவில்லை. வெட்டுப்படாத ஒரு பிரதி எங்கோ இருக்கலாம். தவிர, டெலிரெக்கார்டிங்கிலேயே, அதாவது திரையைப் பிலிமில் படம்பிடிக்கும் முறையிலேயே, தரம் இரண்டு உண்டு. ஒரு முறையில் கேமரா பிலிமை இழுக்கும் நேரத்தில் தொலைக்காட்சிப் படத்தின் பாதி வரிகள் பதிவாகாமலே போய்விடும். இன்னொரு முறையில் எல்லா வரிகளும் இருக்கும். பாதி வரிப் பிரதி மட்டும் காப்பகத்தில் இருந்தால், உங்கள் முழு வரிப் பிரதி தங்கம்.

இனி மூக்கின் வேலை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வருகிறதா? அசிட்டேட் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அந்த அமிலமே சிதைவை வேகப்படுத்தும். மூடிய தகர டப்பாவில் இன்னும் வேகம். 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிட்டேட் பிலிம் ஏறக்குறைய 40 ஆண்டில் இந்த நிலையைத் தொடும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. 1960களில் அச்சான பிரதிக்கு அந்தக் கெடு முடிந்து வெகுநாளாயிற்று. வாடை தெரியாவிட்டாலும் ஏ-டி பட்டை என்ற நிறம் மாறும் காகிதத்தை டப்பாவுக்குள் ஒரு நாள் மூடி வையுங்கள். நீலம் என்றால் நலம். பச்சைக்கு மாறினால் சிதைவு தொடங்கியாயிற்று. மஞ்சள் என்றால் உடனே தொலைபேசியை எடுக்க வேண்டும். வாடை வரும் சுருளை மற்றவற்றோடு வைக்காதீர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும்.

அடுத்து, சுருக்கம். இதற்கு ஓர் இரும்பு அளவுகோல் போதும். பிலிமை அழுத்தாமல் தட்டையாகப் பரப்பி, ஒரு துளையின் மேல் விளிம்பிலிருந்து 101ஆவது துளையின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். புது பிரதியில் 762 மில்லிமீட்டர் வரும். பலரும் செய்யும் தவறு, நூறாவது துளையோடு நிறுத்திவிடுவது. அப்போது 7.6 மில்லிமீட்டர் குறைந்து, சரியாக ஒரு சதவீதம் சுருங்கியது போலத் தெரியும். நல்ல பிலிமுக்கு வீண் பீதி. திரும்ப எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே 754க்குக் கீழே வந்தால் அந்தச் சுருள் இனி எந்தப் புரொஜெக்டரிலும் ஏறக் கூடாது. புரொஜெக்டரின் நகம் சரியான இடைவெளியை எதிர்பார்த்து இறங்கும், துளை அங்கே இருக்காது, ஓரம் கிழியும். முதல் பத்தடி தப்பித்தது என்று தைரியப்படாதீர்கள். ரீலின் உட்பகுதியில் சுருக்கம் வேறு மாதிரி இருக்கலாம்.

'ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன், செல்போனில் பிடித்துக்கொள்கிறேன்' என்ற ஆசைதான் எங்களை மிகவும் பயமுறுத்துவது. தயவுசெய்து வேண்டாம்.

பிய்ந்த இடத்தை வெட்டிச் சீராக்கவும் வேண்டாம். 16 எம்எம்மில் பிலிமின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒலி, தனக்குரிய படத்துக்கு 26 பிரேம் முன்னால் இருக்கும், அதாவது ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதல். சேதமான நான்கு பிரேமை வெட்டினால் அங்கே படமும், வேறோர் இடத்து ஒலியும் சேர்ந்து போகும். கிழிசலை 16 எம்எம் பாலியஸ்டர் ஒட்டுப் பட்டையால் தாங்கிப் பிடித்தால் போதும். செலோடேப் கூடாது, அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும். ஒட்டிக்கொண்ட சுற்றுகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். வீட்டுச் சாராயம், துணி சோப்பு எதையும் பிலிமருகே கொண்டு வராதீர்கள்.

துருப்பிடித்த தகரத்திலிருந்து காற்றோட்டமுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றுங்கள். பழைய டப்பாவையும் அதில் ஒட்டிய சீட்டையும் எறிய வேண்டாம். எந்த நிலையத்துக்குப் போய் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பரணும் வேண்டாம், ஈரமான கீழ்த்தளமும் வேண்டாம். பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமான பிஎஃப்ஐ தன் கேடன் கிடங்கில் மைனஸ் 5 டிகிரி, 35 சதவீத ஈரப்பதம் வைத்திருக்கிறது. வீட்டில் அது நடக்காது. குளிர்ந்த, வறண்ட உள்ளறை அலமாரி போதும். ஃபிரீசரில் வைப்பதென்றால் இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். வெளியே எடுத்தால் ஒரு முழு நாள் பையைப் பிரிக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் பிலிம்மேல் நீர் பூத்துவிடும்.

ஸ்கேன் என்று வரும்போது திருமண வீடியோ மாற்றித் தரும் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பல்சக்கரம் இல்லாமல் உருளைகளால் பிலிமை நகர்த்தும் காப்பகத் தர இயந்திரம் வேண்டும். சுருங்கிய பிலிமுக்கு அது ஒன்றுதான் வழி. பிரேமின் ஓரம், துளை, ஒலித்தடம் எல்லாம் தெரியும்படி அகலமாக, குறைந்தது 2கே (சுமார் 2000 பிக்சல் அகலம்) அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கீறல் நீக்கம், கூர்மை ஏற்றுதல், நிறச் சரிக்கட்டல் எதுவும் அந்த முதல் கோப்பில் இருக்கக் கூடாது. துலக்கும் வேலை பிற்பாடு. வினாடிக்கு 25 படமாக உறைந்ததை 50 அசைவுகளாக விரித்து வீடியோவின் ஓட்டத்தை மீட்கும் 'விட்ஃபயர்' முறைக்கும் தொடாத ஸ்கேன்தான் தேவை.

வழக்கு வருமோ என்ற உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. 1970களின் இறுதியில் நகைச்சுவை நடிகர் பாப் மங்க்ஹவுஸ் தம் படச்சேகரிப்பால் வழக்கில் சிக்கி, லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்த நினைவு உங்கள் வட்டத்தில் இன்னும் போகவில்லை. சுருள் என்ற பொருள் ஒன்று, அதிலுள்ள நிகழ்ச்சியின் பதிப்புரிமை வேறொன்று. அதனால்தான் எதையும் எழுத்தில் வாங்குங்கள் என்கிறோம். பெயரை வெளியிட விரும்பாவிட்டால் வழக்கறிஞர் வழியாகவோ பிஎஃப்ஐ வழியாகவோ பேசலாம். இரவல் கடிதத்தில் இவை இருக்கட்டும்: சுருள் உங்களுடையது, எந்தத் தேதிக்குள் திரும்பி வரும், போக்குவரத்துக்கும் சேதத்துக்கும் யார் பொறுப்பு, ஸ்கேனின் ஒரு நகல் உங்களுக்கு, உங்கள் பெயர் வெளிவருமா வராதா. நியூசிலாந்துச் சுருள் பிபிசிக்கு இரவலாகத்தான் போனது; நகல் எடுத்தபின் உரிமையாளரிடமே திரும்பியது.

எங்கள் பக்கத்தவருக்கும் ஒரு வார்த்தை. 2013இல் தொண்ணூறு எபிசோட் கிடைத்துவிட்டது என்று கிளம்பிய வதந்தியை மாதக்கணக்கில் ஊதியவர்கள் ரசிகர்களே. யாரிடம் இருக்கிறது என்று துப்புத் துலக்குவது, வீட்டு வாசலில் போய் நிற்பது, பெயரை அவிழ்த்துவிடுவது, இவை ஒவ்வொன்றும் ஒரு டப்பாவை இன்னும் பத்தாண்டு மூடி வைக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பதும் மீட்புப் பணிதான்.

கடைசியாக, எதுவும் செய்ய மனமில்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஓர் அட்டையில் டைட்டிலில் கண்ட தலைப்பு, அடிக்கணக்கு, 101 துளை அளவு, ஏ-டி பட்டையின் நிறம், அளந்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். 'எறிய வேண்டாம், பிஎஃப்ஐயிடம் கேட்கவும்' என்று சேர்த்து டப்பாவின் வெளிப்பக்கம் கட்டுங்கள். உள்ளே போட்டால் வீட்டைக் காலி செய்ய வருபவர் பார்க்க மாட்டார். ஜோஸ் நகரில் முதலில் பார்த்தபோது 'தி வெப் ஆஃப் ஃபியர்' ஆறு எபிசோடும் இருந்ததாக அவற்றைக் கண்டெடுத்த ஃபிலிப் மோரிஸ் சொல்லியிருக்கிறார். கைக்கு வந்தபோது மூன்றாவது இல்லை. பின்னாளில் பிரிகேடியராகப் புகழ்பெற்ற லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் என்ற பாத்திரம் முதன்முதலாக வந்த எபிசோட் அது. அந்த பிரேமில் 'எபிசோட் 3' என்று மட்டும்தான் இருக்கும்; கதையின் பெயர் அதற்கு முன் வரும் பிரேம்களில். இரண்டையும் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
டாக்டர் ஹூ ரசிகர்கள் சிலர்