நஞ்சு முறிந்த பிறகு யார் பேசுவது? மருத்துவமனை முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர்களுக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களைப் பிழைக்க வைப்பதில் நம் மருத்துவமனைகள் கைதேர்ந்தவை. நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஏற்றுவதும், மூச்சு தளர்ந்தால் வென்டிலேட்டரில் போடுவதும் நள்ளிரவிலும் தடையில்லாமல் நடக்கின்றன. ஆனால் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் அவரிடம் யாராவது தனியாக உட்கார்ந்து பேசினார்களா என்று தேடினால், பல கேஸ் ஷீட்டுகளில் 'மனநல ஒப்பீனியன் பெறப்பட்டது' என்ற ஒரு வரியைத் தாண்டி எதுவும் இல்லை. அந்தப் பேச்சுக்கு நேரமும் இடமும் ஆளும் ஒதுக்கி நீங்கள் ஆணையிட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம்.

கோளாறு கேஷுவாலிட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதும்போது, மாமியாரோ கணவரோ டிரிப்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்க, "ஏம்மா குடிச்சே?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறோம். "வயித்து வலி" என்று பதில் வருகிறது. அந்த வயிற்று வலி ஏ.ஆரிலிருந்து போலீஸ் இன்டிமேஷனுக்கும், அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய்விடுகிறது. காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்து அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. என்ன குடித்தார், எப்போது, எவ்வளவு என்ற மூன்றும் சிகிச்சைக்கு உடனே வேண்டும். ஏன் என்பது இரண்டு நாள் காத்திருக்கலாம்.

எப்போது பேசுவது என்பதிலும் கவனம் தேவை. அட்ரோபின் மிகுந்து, போர்வையைப் பிய்த்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் பேசுகிறவரிடம் மனம்விட்டுப் பேச முயல்வது வீண். குழப்பம் தெளியட்டும். தொண்டைக் குழாயை அப்போதுதான் எடுத்திருந்தால் குரல் வராது. தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளே போதும். சில வகை எலிமருந்தில் இதற்கு நேர்மாறு. முதல் ஓரிரு நாள் தெளிவாக இருப்பார், கல்லீரல் பாதிப்பு பிறகுதான் தெரியவரும். 'நல்லாத்தானே இருக்காரு' என்று தள்ளிப்போட்டால் அவர் பேசக்கூடிய நாள் கைநழுவிவிடும்.

ரவுண்ட்ஸில் பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது கேட்பதைக் காது கொடுத்துக் கேட்பதாகச் சொல்ல முடியாது. கட்டிலருகே ஒரு நாற்காலியும் ஒரு திரையும் வேண்டும். கேட்பவர் உட்கார வேண்டும். கூட இருப்பவரை ரிசல்ட் வாங்கிவர லேபுக்கு அனுப்பலாம். பிறகு இப்படித் தொடங்கலாம்: "அம்மா, நான் இந்த வார்டு நர்ஸ். உங்ககூடக் கொஞ்ச நேரம் உட்காரலாமா? நீங்க சொல்றதை உங்க வீட்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ சின்னப் பிள்ளைங்களுக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டிவரும்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பாலியல் கொடுமையைச் சொன்னால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். முழு ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவது இரண்டாவது துரோகம்.

அதன்பின் பேசாமல் இருப்பதுதான் கடினம். நோயாளி அழுதால் உடனே கண்ணீரைத் துடைத்து அடக்கிவிடத் தோன்றும். அழட்டும். அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொன்னால் போதும்: "கடன்காரங்க வீட்டு வாசல்ல வந்து கத்துனதுதான் தாங்க முடியல, இல்லையா?" முடிவில் நேராகவே கேட்க வேண்டும்: "இப்பவும் சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பல செவிலியருக்கு இருக்கிறது. அப்படி நடப்பதில்லை, கேட்ட பிறகுதான் பலர் மூச்சு விடுகிறார்கள். 'ஆமாம்' என்றால் அன்று டிஸ்சார்ஜ் இல்லை. அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரை அழைக்க வேண்டும்.

நல்ல மனதோடு செய்து கெடுக்கும் காரியம் ஒன்று உண்டு. "இனிமே பண்ண மாட்டேன்னு புள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்பது. சத்தியம் செய்துகொடுத்தவருக்கு அடுத்த மாதம் அதே எண்ணம் வந்தால் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். சத்தியத்தை மீறிய பாவமும் சேர்ந்துகொள்ளும். இந்த வழக்கத்தை வார்டுகளில் அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

வழக்கு வரும் என்ற பயமும் வாயைக் கட்டுகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டுமே குற்றம். இதை நோயாளியிடமும் குடும்பத்திடமும் முதல் நாளே சொல்ல வேண்டும்.

இது ஆகிற காரியம்தானா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அவசரப் பிரிவுகளில் 1,867 பேரிடம் இதைச் செய்து பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்குக் கூடுதலாக, டிஸ்சார்ஜை ஒட்டி ஒரு மணி நேரத் தனிப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசி அழைப்போ நேர்ச் சந்திப்போ. தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காடு. விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை.

அந்த ஒன்பது தொடர்புகளும் 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் நடந்தன. இதே அட்டவணையை ஒரு பதிவேட்டில் போட்டு, ஷிஃப்டுக்கு ஒரு செவிலியர் பெயரைக் குறியுங்கள். அவருக்கு அந்த நேரத்தில் வேறு கட்டில்களைக் கொடுக்காதீர்கள். அழைப்புக்கு மருத்துவமனையே ஒரு கைபேசி தர வேண்டும். செவிலியரின் சொந்த எண்ணாக இருந்தால் டிரான்ஸ்ஃபரோடு தொடர்பு அறுந்துபோகும். குடும்பத்தார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நோயாளியிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "மாத்திரை செக்கப்புக்காகக் கூப்பிட்டேன்" என்றால் போதும் என்பார் ஒருவர். டிஸ்சார்ஜ் சம்மரியின் மேற்புறத்திலேயே 104 (மாநிலச் சுகாதார உதவி எண்), 14416 (டெலி மானஸ் மனநல உதவி எண்) என்ற இரு எண்களும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பூச்சிமருந்துப் புட்டி எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் பூட்டி வைப்பார்கள் என்று கேட்காமல் யாரையும் அனுப்ப வேண்டாம்.

ஒரு வார்டில், மூன்று மாதத்துக்கு முதலில் தொடங்கிப் பார்க்கலாம். பதிவேட்டின் படிவத்தைத் தயாரித்துத் தரவும், செவிலியர்களுக்கு வார்டிலேயே பயிற்சி கொடுக்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
நஞ்சு சிகிச்சை வார்டுகளில் பணியாற்றும் செவிலியர்கள், மனநல ஆற்றுப்படுத்துநர்கள்