இத்தாலிய நகைச்சுவைப் படங்களை ஒரே வரியில் கடந்துவிட முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலிய சினிமா பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இயக்குநர்கள் ரோசெல்லினி, டி சிகா, ‘பைசிகிள் தீவ்ஸ்’ படம் என்று, போருக்குப் பிந்தைய ஏழை மக்களின் வாழ்வை உள்ளபடி காட்டிய நியோரியலிசக் காலத்தைப் பற்றி எழுதியிருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரை 1950களின் நடுப்பகுதிக்கு வந்ததும், அதற்குப் பிறகு இத்தாலியர்கள் கேளிக்கைப் படங்களுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டு 1970களுக்குத் தாவிவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோனவை அந்த நாட்டின் மிகச் சிறந்த படங்களில் பல. அவற்றில் நடித்தவர்களின் பெயர்கூட வரவில்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது.

முதலில், திரும்பிவிட்டார்கள் என்பதே சரியல்ல. நியோரியலிசத்தை உருவாக்கியவர்களில் பலர்தான் இவற்றையும் உருவாக்கினார்கள். ‘பைசிகிள் தீவ்ஸ்’ திரைக்கதையில் பங்குகொண்ட சூசோ செக்கி டாமிகோ, பத்தே ஆண்டுகளில் மாரியோ மோனிச்செல்லியின் ‘பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்’ படத்தை ஆஜே, ஸ்கார்பெல்லி என்ற எழுத்தாளர் ஜோடியுடன் சேர்ந்து எழுதினார். டி சிகா 1953இல் ‘பிரெட், லவ் அண்ட் ட்ரீம்ஸ்’ படத்தில் கிராமத்துக்கு மாற்றலாகி வந்த காவல் அதிகாரியாக நடித்து மக்களைச் சிரிக்க வைத்தார். பசி, வேலையின்மை, வீட்டு நெருக்கடி எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றைச் சொல்லும் விதம்தான் மாறியது.

1958இல் வந்த ‘பிக் டீல்’ படத்தின் கதை எளியது. ரோமில் ஐந்து அரைகுறைத் திருடர்கள் அடகுக் கடைப் பெட்டகத்தை உடைக்கத் திட்டம் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு அறையின் சுவர் மெல்லியது, அதைத் துளைத்தால் அடகுக் கடைக்குள் போய்விடலாம் என்பது கணக்கு. பெட்டகம் திறக்கப்படுவதைத் தூரத்திலிருந்து ரகசியமாகப் படம் எடுக்கிறார்கள். திரையிட்டுப் பார்த்தால், முக்கியமான கட்டத்தில் கொடியில் காயும் துணி குறுக்கே வந்து மறைக்கிறது. கடைசியில் மணிக்கணக்காகப் பாடுபட்டுச் சுவரை உடைத்து எட்டிப் பார்த்தால் அதே வீட்டுச் சமையலறை! அங்கிருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் சாப்பிட்டுவிட்டு விடியற்காலையில் கலைகிறார்கள். திட்டம் கோணலாவது தற்செயலால் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களிடம் நல்ல கருவி இல்லை, சரியான தகவல் இல்லை, ஒழுங்காகச் சாப்பிட்டுச் சில நாளாகிறது. ஒவ்வொரு சறுக்கலுக்கும் பின்னால் வறுமைதான் காரணமாக நிற்கிறது. அந்தத் திட்டத்தை முதலில் கொண்டுவந்த கோசிமோ படத்தின் நடுவிலேயே டிராமில் அடிபட்டுச் சாகிறான். நகைச்சுவைப் படத்தில் உண்மையான மரணம் வருவது அன்றைய பார்வையாளருக்குப் புதிது. அடுத்த பத்தாண்டுப் படங்கள் பலவும் இந்த வழியில்தான் போயின.

இந்தப் படத்தில் நடிகர்களைத் தேர்ந்த விதமே ஒரு பாடம். விட்டோரியோ காஸ்மன் அதுவரை ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெயர் எடுத்த மேடை நடிகர், சினிமாவில் பெரும்பாலும் வில்லன். அவர் சிரிக்க வைப்பார் என்று தயாரிப்புத் தரப்பு நம்பவில்லை. மோனிச்செல்லி பிடிவாதமாக நின்றார். காஸ்மனின் கம்பீரத்தைக் குறைக்க முன்நெற்றியில் முடியை இறக்கி, மூக்கை மாற்றி, பேச்சில் திக்கலைச் சேர்த்தார்கள். அறிவாளி முகம் மறைந்து, தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரனின் முகம் வந்தது. சிசிலிக்காரனாக வரும் டிபேரியோ மூர்ஜா உண்மையில் சார்டீனியாவைச் சேர்ந்தவர், ரோமில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். பொலோன்யாக்காரக் கிழவராக வரும் கார்லோ பிசகானே நேப்பிள்ஸ்காரர். துனிசியாவில் வளர்ந்து பிரெஞ்சு பேசிய கிளாடியா கார்டினாலே சிசிலிப் பெண். மூவருக்கும் குரல் கொடுத்தது வேறு ஆட்கள்.

இது எப்படிச் சாத்தியமானது என்று கேட்டால், இத்தாலியப் படங்கள் அன்று பெரும்பாலும் நேரடி ஒலிப்பதிவு இல்லாமல் எடுக்கப்பட்டன என்பதுதான் பதில். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி வழிகாட்டி மட்டுமே. பிறகு படச்சுருளைச் சிறு சிறு வளையங்களாக வெட்டி ஒட்டி, டப்பிங் அறையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வசனத்தைப் பேசிச் சேர்ப்பார்கள். அதனால் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, வட்டார வழக்கு மூன்றாவது ஊருடையது என்று இயக்குநர் தனித்தனியாகத் தேர்வு செய்ய முடிந்தது. இன்று இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லை என்று பிரதியைக் குறை சொல்வதுண்டு. பிரதியில் கோளாறு எதுவும் இல்லை. ஆங்கில டப்பிங் பிரதிக்கு மாறினால் நிலைமை மோசமாகும். இத்தாலிய ஒலியும் அடியில் வசனமும் உள்ள பிரதியையே தேட வேண்டும். வடக்கத்தியப் பேச்சும் தெற்கத்தியப் பேச்சும் மோதுவதில் பாதி நகைச்சுவை இருக்கிறது. சொல் புரியாவிட்டாலும் அந்த ஓசை வேறுபாடு காதில் விழும்.

டப்பிங் அறையிலிருந்து நட்சத்திரமான ஒருவர் உண்டு: ஆல்பர்ட்டோ சோர்டி. 1920இல் ரோமில் பிறந்தவர். அவருடைய ரோம் உச்சரிப்பு மாறவில்லை என்று மிலான் நடிப்புப் பள்ளி வெளியே அனுப்பிவிட்டது. லாரல்–ஹார்டி படங்களில் குண்டு ஹார்டிக்கு இத்தாலியக் குரல் கொடுத்துப் பிழைத்தார். 1954இல் ‘ஆன் அமெரிக்கன் இன் ரோம்’ படத்தில் அமெரிக்க மோகம் பிடித்த இளைஞனாக வந்து, தட்டில் இருக்கும் மாக்கரோனியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பிறகு அதன் மேலேயே பாய்கிற காட்சி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் சோர்டியை அறிய அதைவிட நல்ல காட்சி, 1961இல் டீனோ ரீஸி எடுத்த ‘எ டிஃபிகல்ட் லைஃப்’ படத்தில் இருக்கிறது. பசியோடு அலையும் பத்திரிகையாளனும் மனைவியும், மேசையில் பதின்மூன்று பேர் என்ற அபசகுனத்தைத் தவிர்ப்பதற்காக ஒரு பிரபு வீட்டு விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள். 1946ஆம் ஆண்டு மன்னராட்சியா குடியரசா என்ற வாக்கெடுப்பின் முடிவு வானொலியில் வருகிறது. குடியரசு வென்றது என்றதும் மன்னர் பக்கத்து விருந்தினர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். இவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நாட்டின் வரலாற்றுத் திருப்பத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சி வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரையாளர் பெயர் சொன்ன ஒரே நகைச்சுவைப் படம் பியெத்ரோ ஜெர்மியின் ‘டைவர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்’ (1961). அதையும் இரண்டாம் கல்யாண ஆசை பற்றிய குறும்புப் படம் என்று எழுதிவிட்டார். அந்தப் படம் நிற்பது ஒரு சட்டப் பிரிவின் மேல். 1930ஆம் ஆண்டு இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 587ஆம் பிரிவு, மனைவியோ மகளோ சகோதரியோ தகாத உறவில் இருப்பதைக் கண்டு, மானம் போன ஆத்திரத்தில் அந்தக் கணமே கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரைதான் சிறை என்றது. விவாகரத்தோ அன்று சட்டத்தில் இல்லை. சிசிலியின் நொடித்துப்போன பிரபு ஃபெஃபே, மாமன் மகள் மேல் ஆசை வைத்து, மனைவியைத் தீர்த்துக்கட்ட இந்தப் பிரிவைப் படிக்கட்டாக்குகிறான். நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கைப் போய்க் கேட்டுத் தனக்கு எத்தனை ஆண்டு வரும் என்று மனக்கணக்குப் போடுகிறான். மனைவிக்கு ஒரு காதலனையும் தேடிப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவருகிறான். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும், தனக்காக வாதாடப்போகும் வழக்கறிஞரின் முழக்கம் அவன் மனதுக்குள் ஒலிக்கிறது. ஊரே ‘லா டோல்ச்சே வீட்டா’ பார்க்கத் திரையரங்கில் கூடியிருக்கும் இரவில் கையும் களவுமாகப் பிடிக்கத் திரும்பினால், ஜோடி ஓடிப்போய்விட்டது. ‘அந்தக் கணம்’ என்ற நிபந்தனை கை நழுவிவிட்டதால், இனி ஊர் முழுக்கத் தன்னைக் கையாலாகாதவன் என்று ஏசும்வரை அவன் காத்திருந்தாக வேண்டும்! தன் மானத்தைத் தானே கவனமாகக் கெடுத்துக்கொள்கிற ஒருவனைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் சிரிக்க வைப்பது சட்டத்தின் வாசகம்தான்.

ஃபெஃபேயாக நடித்த மார்செல்லோ மாஸ்த்ரோயானி இதில் செய்திருப்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மெல்லிய மீசை, பாதி மூடிய இமை, வாயின் ஓரத்தை அவ்வப்போது ‘ச்’ என்று இழுத்துக்கொள்ளும் ஒரு துடிப்பு. முந்தைய ஆண்டுதான் ‘லா டோல்ச்சே வீட்டா’வின் கவர்ச்சி நாயகனாக வந்தவர். அந்தப் படத்தைப் பார்க்கப் போகும் ஊரில் இவரே அருவருப்பான பிரபுவாக உலவுகிறார். 1962ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரில் அசல் திரைக்கதை விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது, மாஸ்த்ரோயானியும் பரிந்துரை பெற்றார். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்தது 1970 டிசம்பரில். அதை நீக்கக் கோரிய 1974 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் நீக்கக் கூடாது என்றார்கள். 587ஆம் பிரிவு 1981வரை ஏட்டில் இருந்தது. பெண்ணைக் கெடுத்தவன் அவளையே மணந்துகொண்டால் தண்டனை இல்லை என்ற 544ஆம் பிரிவும் அதே ஆண்டில்தான் போனது. அதை வைத்து ஜெர்மி 1964இல் ‘செட்யூஸ்ட் அண்ட் அபாண்டண்ட்’ எடுத்தார். என் கணக்கில் அது முந்தையதைவிடக் கடுமையான படம். தகப்பனாக நடித்த சாரோ ஊர்ட்ஸி கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

இனி டோட்டோ. இவர் இல்லாமல் இத்தாலிய நகைச்சுவை பற்றிப் பேச முடியாது. 1898இல் நேப்பிள்ஸின் சானிடா பகுதியில் பிறந்து 1967இல் மறைந்தவர். 97 படங்கள். இவர் தேர்ச்சி பெற்றது ‘அவான்ஸ்பெத்தாக்கொலோ’ மேடையில், அதாவது திரையரங்கில் படம் தொடங்குமுன் நடக்கும் குறு நிகழ்ச்சியில். படம் பார்க்க வந்த கூட்டம் பொறுமை இழந்து கூச்சல் போடும். முதல் சில நிமிடங்களில் பிடிக்காவிட்டால் நடிகன் தொலைந்தான். அதனால்தான் இவர்களுடைய நுழைவு, நடை, முதல் பார்வை எல்லாம் அவ்வளவு கூர்மையாக இருக்கும். டோட்டோவின் உடம்பு கழுத்து வேறு, தோள் வேறு, தாடை வேறு என்று பொம்மலாட்டப் பொம்மைபோலத் தனித்தனியே அசையும். பள்ளி நாளில் பட்ட ஓர் அடியால் கோணிய முகத்தையே அவர் தன் கருவியாக்கிக்கொண்டார். 1957இல் பலேர்மோ மேடையில் பார்வை மங்கி, ஏறத்தாழக் குருடாகிவிட்டார். அதற்குப் பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கேமரா ஓடும்போது கழற்றிவிட்டு நடித்தார். ‘பிக் டீல்’ படத்தில் மொட்டை மாடியில் பெட்டகம் உடைக்கப் பாடம் நடத்தும் பேராசிரியராக வருகிறாரே, அது பார்வை போன பிறகு நடித்தது. தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், ஒரு கை அசைவில்கூடத் தடுமாற்றம் தெரியாது. பிந்தைய படங்கள் சிலவற்றில் அவருக்குக் கார்லோ குரோக்கொலோ குரல் கொடுக்க வேண்டியிருந்தது, உதட்டைப் பார்த்து டப்பிங் பேசப் பார்வை வேண்டுமல்லவா?

டோட்டோவுக்கு இணை பெப்பீனோ டி ஃபிலிப்போ. 1956இல் வந்த ‘டோட்டோ, பெப்பீனோ எ லா மலாஃபெம்மினா’ படத்தில் நாட்டுப்புறச் சகோதரர்களாக வந்து, மருமகனை விட்டு விலகும்படி ஒரு நடனக்காரிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். டோட்டோ நின்றபடி சொல்கிறார், பெப்பீனோ வியர்வையைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறார். முற்றுப்புள்ளியா அரைப்புள்ளியா என்ற சந்தேகம் வந்ததும், கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எல்லாப் புள்ளிகளையும் போடச் சொல்கிறார் டோட்டோ. அதில் பெப்பீனோவின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. எழுதுகிறவர் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சிரத்தையோடு இருக்கிறாரோ அவ்வளவுக்குத்தான் சொல்கிறவரின் அதிகாரம் சிரிப்பாக மாறும். ஆனால் டோட்டோவைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம், மொழியை நம்பிய காட்சி இது. 1951இன் ‘காப்ஸ் அண்ட் ராபர்ஸ்’ நல்ல தொடக்கம். அதில் மூச்சு முட்ட ஓடும் குண்டுப் போலீஸ்காரரும் ஒல்லித் திருடனும் இனி ஓட முடியாமல் எட்டத்தில் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். வசனமே வேண்டாம்.

மோனிச்செல்லியின் ‘தி கிரேட் வார்’ (1959) பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் எப்படியாவது உயிர் தப்பப் பார்க்கும் இரு கோழைச் சிப்பாய்களாக சோர்டியும் காஸ்மனும். பிடிபட்டபின் எதிரி அதிகாரி இத்தாலியர்களை இளக்காரமாகப் பேசியதும் காஸ்மன் ரகசியத்தைச் சொல்ல மறுத்துச் சுடப்படுகிறார், அடுத்து சோர்டியும். வென்று முன்னேறும் இத்தாலியப் படையின் அதிகாரியோ, அந்த இருவரும் இந்த முறையும் நழுவிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை ரோசெல்லினி படத்தோடு பகிர்ந்துகொண்டது இது. அகலத்திரைப் படம் என்பதால், ஓரம் வெட்டிய தொலைக்காட்சிப் பிரதியில் பார்த்தால் இரு நடிகர்களில் ஒருவர் அடிக்கடி சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார். மேலும் கீழும் கறுப்புப் பட்டை உள்ள பிரதிதான் சரியானது.

பெண் நடிகர்களுக்கு இந்தப் படங்கள் முழு நியாயம் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபிராங்கா வலேரி போன்ற கூர்மையான நடிகைக்குப் பெரும்பாலும் துணைப் பாத்திரங்களே கிடைத்தன. 1968இல் மோனிகா விட்டி ‘தி கேர்ள் வித் எ பிஸ்டல்’ படத்தில் தன்னைக் கைவிட்டவனைச் சுட பிரிட்டன் வரை துப்பாக்கியோடு துரத்திப் போகும் சிசிலிப் பெண்ணாக வந்தபோதுதான் நகைச்சுவையின் மையத்தில் ஒரு பெண் நின்றாள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் இவர்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். கூடவே ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும்: கட்டுரையோடு வந்த ‘காப்ஸ் அண்ட் ராபர்ஸ்’ புகைப்படத்தில் போலீஸ் உடையில் இருப்பவரை டோட்டோ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் ஆல்டோ ஃபாப்ரீட்ஸி. ‘ரோம், ஓப்பன் சிட்டி’யில் சுட்டுக் கொல்லப்படும் பாதிரியாராக நடித்தவரும் இவரே.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்