காலிக் கோட்டைக்கு இருபது நிமிடம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைச் சுற்றுலாக்கள் தொடங்கும் காலம் இது. ஹட்டனிலிருந்து நடுச்சாமத்தில் புறப்படும் பஸ், கினிகத்தேனை வளைவுகளில் பாதிப் பிள்ளைகளை வாந்தி எடுக்க வைத்து, நல்ல வெயிலில் தென்கரையிலுள்ள காலி நகருக்குப் போய்ச் சேரும். வெளிச்சவீட்டடியில் ஒரு குழுப் படம், ஆளுக்கொரு ஐஸ்கிரீம், அப்புறம் "சரி, ஏறுங்க ஏறுங்க!" பணியில் இருந்த காலத்தில் நானும் ஆறேழு தடவை அப்படித்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். கோட்டைக்குள் இருபது நிமிடத்துக்கு மேல் நின்ற நினைவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, மகளோடும் பேரனோடும் போனபோதுதான் அந்தத் தெருக்களில் நடந்தேன். பழைய வாசலின் வெளிப்பக்கம் பிரித்தானிய அரச சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை, இரண்டு சிங்கங்கள், ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசை மாறாமல் ஒப்புவிக்க வைக்க வகுப்பில் நான் பட்ட பாடு! அந்த வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

உள்வீதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. தெருப்பக்கம் தூண் வைத்த திறந்த விறாந்தை, தடித்த சுவர், உள்ளே வானம் பார்த்த முற்றம். பேரன் கேட்டான்: "அம்மாயி, இது நம்ம லயத்து இஸ்தோப்பு மாதிரியே இருக்கே?" லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, இஸ்தோப்பு அதன் முன் விறாந்தை. அந்த இஸ்தோப்பு என்ற சொல்லே ஒல்லாந்தரிடமிருந்து வந்ததுதான். அவர்கள் வீட்டு முகப்பை 'ஸ்தூப்' என்றார்கள். சிங்களத்தில் அது இஸ்தோப்புவ ஆயிற்று, நம் வாயில் இஸ்தோப்பு. 10க்கு 12 அடிக் காம்பராவில், அதாவது லயத்து அறையில், அடங்காத விறகும் விருந்தாளியும் படுக்கையும் வந்து விழுந்த இடம் எங்கள் இஸ்தோப்பு. இங்கே கம்பனி அதிகாரி சாய்ந்து உட்கார்ந்து கடற்காற்று வாங்கியிருப்பார். இதை அந்தத் தூணடியிலேயே நின்று பிள்ளைக்குச் சொல்ல முடிந்தது.

1755இல் கட்டி முடித்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரையில் கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பேரன் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிவாசலைத் தூரத்திலிருந்து நாங்களும் தேவாலயம் என்றே நினைத்தோம். மதிலின் மேலும் நடந்தோம். 2004 சுனாமி வெளியே பஸ் நிலையத்தைப் புரட்டிப் போட்டபோது, கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது அந்த மதில்தான்.

ஒரு குறை. எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டித் தாளில் தமிழ் இல்லை. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனர் கொண்டுவந்த கல்வெட்டிலோ சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் இருக்கிறது! 1911இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சுற்றுலா பஸ்கள் எப்படியும் அங்கே போகும். யானை எலும்பு, அரச சிம்மாசனம் என்று ஓடும் பிள்ளைகளை அந்தக் கல்லின் முன்னாலும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஒரு நாளில் ஐந்து இடம் என்று ஓடாமல், ஒன்றை வெட்டிவிட்டுக் கோட்டைக்கு இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். சின்ன இடம்தான், நடந்தே முடித்துவிடலாம். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். குளிரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் காலி வெயில் பத்து மணிக்கே தலையைச் சுற்ற வைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.