மகளுக்கு, முத்தையன்கட்டிலிருந்து

முத்தையன்கட்டு, இடதுகரை.
மாசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நான் சுகம். தம்பி வீட்டிலயும் எல்லாரும் சுகம். உன்ர, மருமகன்ர, சின்னவளின்ர சுகத்தை அறிய ஆவல்.

கையில ஃபோன் இருக்கேக்க அம்மாவுக்கு என்னத்துக்குக் கடிதம் எண்டு யோசிப்பாய். நான் ஃபோனில அனுப்பிற எல்லாத்துக்கும் இரண்டு நீலக் கோடு விழுகுது, மறுமொழிதான் வருகுதில்லை. மார்கழி நடுவில கடைசியாக் கதைச்சனீ. டீச்சரம்மாவின்ர மகன் வாற கிழமை சுவிஸுக்குத் திரும்புறான். அவனிட்டப் பனங்கிழங்கு அவிச்சுக் காயவைச்ச புழுக்கொடியலும் கொஞ்சம் ஒடியல்மாவும் குடுத்துவிடுறன், அதோட இதையும் வைக்கிறன். கடிதத்துக்கு நீலக் கோடு இல்லை. நீ வாசிச்சியோ எண்டு நான் இரவிரவா ஃபோனைத் தட்டிப் பாக்கத் தேவையில்லை.

உங்க இப்பவும் பனி கொட்டுதாம். கழுத்துக்குச் சுத்திறதை மறக்காத. வயசு போன ஆக்களைத் தூக்கிக் குளிப்பாட்டிற வேலை, நாரி பிடிச்சா பிறகு வாழ்நாளுக்கும் விடாது. இரவு வேலையைக் குறை எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்.

காலபோக நெல்லு வெட்டியாச்சு, பிழையில்லை. குரங்கு இந்தமுறை ஒரு இளநியும் விட்டுவைக்கேல்லை. வேற புதினம் இல்லை.

உங்கட சுவிஸ் பொம்பிளையள் சங்கம் அனுப்பின காசில நட்ட கண்டுகளைப் பற்றிச் சொல்லவேணும், நீ கேக்காட்டியும் கணக்குக் குடுக்கிறது என்ர கடமை. 200 கண்டு வைச்சனாங்கள். வாய்க்கால் கட்டு நெடுக மருது, பள்ளிக்கூடத்து வேலியோட வேம்பும் புங்கையும். நேற்று நானும் எங்கட மாதர் சங்கத்துச் செயலாளரும் நடந்து எண்ணினம். 118 நிக்குது. மிச்சம் ஆடு திண்டது பாதி, யானை மிதிச்சது கொஞ்சம், தண்ணி ஊத்திறன் எண்டு பேர் குடுத்திட்டு ஊத்தாமல் விட்டது கொஞ்சம். பங்குனி வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் போகும். நான் அப்பவே சொன்னனான், பனங்கொட்டை போடுவம் எண்டு. பனங்கொட்டைக்குக் கூடும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். ஆவணி புரட்டாதியில பொறுக்கி மழைக்கு முன்னம் தாட்டுவிட்டாக் காணும். ஆனா அது முதல்ல கீழதான் போகும், கிழங்கு விட்டு, ஓலை எட்டிப் பாக்கக் கனகாலம் செல்லும். படம் எடுத்து அனுப்ப ஒண்டும் இராது. உங்கட ஆக்களுக்குப் படம் வேணும். படத்துக்கு நல்ல மரம் வேற, இந்த மண்ணுக்கு நல்ல மரம் வேற. குறை சொல்லேல்லை பிள்ளை, அடுத்த முறைக்குச் சொல்லுறன்.

ஆனா கண்டு வைச்சதில ஒரு நன்மை நடந்தது. பொம்பிளையள் மேல நடக்கிற வன்முறைக்கு எதிரான 16 நாளுக்குக் கூட்டம் ஒண்டு வையுங்கோ எண்டு நீ கேட்டனீ. கார்த்திகைக் கடைசியில இஞ்ச வேற கூட்டம் வைக்கேலாது, உனக்குத் தெரியும். வைச்சாலும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஒருத்தியும் வராள். வந்தா, ‘இவளுக்கு வீட்டில அடி போல’ எண்டு ஊர் சொல்லும். அதால நான் கூட்டம் வைக்கேல்லை. ஐப்பசியில நாத்துப் பைக்கு மண் நிரப்ப வாங்கோ எண்டு கூப்பிட்டன். எங்கட மாமரத்துக்குக் கீழ சாக்கை விரிச்சு, மண், மணல், மாட்டெரு மூண்டையும் கலந்து குவிச்சுப்போட்டு, சுத்திவர இருந்து கறுப்புப் பையளை நிரப்பினம். கை மண்ணுக்க இருக்கேக்க முகத்தைப் பாக்கத் தேவையில்லை. மூண்டாம் நாள் ஒருத்தி, பேர் வேண்டாம், உனக்குத் தெரிஞ்சவள்தான், பையை நிலத்தில தட்டித் தட்டி மண்ணை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: “அவர் குடிக்காத நாளிலயும் அடிக்கிறார் அக்கா, முந்திக் குடிச்சாத்தான்.” ஒருத்தரும் நிமிரேல்லை. பக்கத்தில இருந்தவள் தன்ர பையையும் தட்டினாள். பிறகு அவளும் சொன்னாள். அண்டைக்கு மட்டும் நாலு பேர். ஒருத்தியைப் பிரதேச செயலகத்தில இருக்கிற பெண்கள் உத்தியோகத்தரிட்ட நான்தான் கூட்டிக்கொண்டு போனன். 2005 இல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் எண்டு அந்தப் பிள்ளை பொறுமையா விளங்கப்படுத்தினது. உதவி கேக்க 1938 எண்ட ஃபோன் நம்பரையும் எழுதித் தந்தது. இவள் அதை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறாள்.

இதெல்லாம் உனக்குச் சொல்ல எவ்வளவு ஆசையா இருந்தன். நீ எடுக்கேல்லை.

உன்ர படம் வந்தது, ஒறேஞ்ச் சால்வையைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரப் பொம்பிளையளுக்கு நடுவில நிக்கிற படம். விதானைக்கும் காட்டினன், கடைக்காரருக்கும் காட்டினன். “என்ன சங்கம்?” எண்டு கேட்டா எனக்கு இண்டைக்கும் அந்தப் பேர் வாயில வராது. சொரோப்டிமிஸ்ட். எழுத வருது, சொல்ல வருகுதில்லை. லத்தீன்ல சகோதரி எண்ட சொல்லும் உத்தமம் எண்ட சொல்லும் சேர்ந்தது எண்டு நீ சொல்லித் தந்தனீ. ரோட்டரியில ஆம்பிளையள் மட்டும் இருந்த காலத்தில, 1921 இல கலிபோர்னியாவில வேலை செய்யிற பொம்பிளையள் தங்களுக்கெண்டு தொடங்கினது, முதல் வேலையா அங்கத்தைப் பெரிய ரெட்வுட் மரங்களைத் தறிக்க விடாமல் நிண்டவை எண்டும் சொன்னனீ. அது எனக்கு நல்லாப் பிடிச்சுது. இஞ்ச முதிரை மரத்தை இரவோட இரவா ஏத்திக்கொண்டு போகேக்க ஆர் போய் நிக்கிறது? நாங்கள் நிண்டா என்ன நடக்கும்? அதை விடு.

டொக்டர், சட்டத்தரணி, பாங்க்காரி எண்டு இருக்கிற இடத்தில மூதாளர் இல்லத்துத் தாதியையும் கூப்பிட்டுச் சேர்த்திருக்கினம் எண்டா அது உன்ர கெட்டித்தனம். அந்த நாட்டிலயே பொம்பிளையளுக்கு வோட் 1971 இலதான் குடுத்தவை, ஒரு மாகாணத்தில 1990 வரைக்கும் வழக்காடி இழுபட்டவை எண்டு நீ சொல்லேக்க நான் சிரிச்சுப்போட்டன். இஞ்ச 1931 இலயே குடுத்தாச்சு. அம்மம்மா இடியப்பம் அவிச்சு வைச்சிட்டுப் போய்ப் போட்டிட்டு வந்தவ. அவைக்கு நீ பாடம் எடுக்கலாம்.

ஆனா பிள்ளை, ஊரில இருக்கிற பொம்பிளையளுக்கெல்லாம் உரிமை எண்டு சால்வை போட்டு நிக்கிறனி, பெத்த தாய்க்கு ஐஞ்சு நிமிசம் இல்லையோ? சின்னவள் என்ர குரலை மறந்துபோடுவாள். கோபம் எண்டா கோபம் எண்டு சொல்லு. அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்காத. அந்தக் குணம் மட்டும் உனக்கு எங்கயிருந்து ஒட்டினது.

ஏன் எண்டு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி மரக்கண்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறன்.

மார்கழியில நீ ஒரு கணக்குக் கேட்டனீ. “உங்கட மாதர் சங்கத்தில எத்தினை பேரின்ர காணி அவையின்ர பேரில இருக்கு?” எண்டு. உங்கட கூட்டத்தில சொல்லவாம். நான் வீடு வீடாப் போய்க் கேட்டன். 43 பேரில 11 பேர். அதிலயும் ஏழு பேர் மனிசன் இல்லாததால வந்தது. அந்தப் பேப்பரை அப்பிடியே படம் எடுத்து அனுப்பினன், விசரி, எங்கட வீட்டையும் அதில எழுதியிருக்கு எண்டு யோசிக்காமல். ‘பின்னுரித்து: மகன்.’ எங்களுக்குப் பிறகு காணி அவனுக்கு எண்டு. நீ திருப்பி ஒரு சொல்லுத்தான் போட்டனீ. “எப்ப?” எண்டு. நான் “அப்பா 2013 இல எழுதினது” எண்டு போட்டன். அதுக்குப் பிறகு நீ இல்லை.

சட்டத்தைச் சாட்டலாம். அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணியைத் துண்டு துண்டாப் பிரிக்க விடமாட்டினம், ஒருத்தரைத்தான் போடவேணும். 1935 ஆம் ஆண்டுச் சட்டம், பேர் எழுதாமல் செத்தா ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதல் எண்டு இருந்தது, 2022 இலதான் அந்த வித்தியாசத்தை எடுத்தவை. சங்கத்தில இதை நானே எழும்பி நிண்டு விளங்கப்படுத்தியிருக்கிறன். யாழ்ப்பாணத்தில தேசவழமை எண்ட எங்கட பழைய வழக்குச் சட்டத்தில வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாப் போகும், அங்கயிருந்து வந்த நாங்கள் இஞ்ச அரசாங்கக் காணியில ஏறின உடனை அதை மறந்துபோனம் எண்டும் சொல்லியிருக்கிறன். கை தட்டினவை.

ஆனா எழுதிக் குடுக்கிற ஆள் மகளின்ர பேரை எழுதினா அந்தச் சட்டமும் மறிச்சிராது. அது எனக்கு அண்டைக்கே தெரியும்.

அப்பா எழுதேல்லை பிள்ளை. கையெழுத்துத்தான் அவற்ற. கந்தோருக்குப் போக முதல் நாள் இரவு திண்ணையில இருந்துகொண்டு அவர் சொன்னவர்: “அவளின்ர காசில வெட்டின கிணறு, அவளின்ர காசில போட்ட கூரை. அவளின்ர பேரில போடுவம். தம்பி செய்யட்டும், உரித்து அவளுக்கு இருக்கட்டும்.” நான்தான் மாட்டன் எண்டனான். பொம்பிளைப் பிள்ளை போன இடம் போனதுதான், மருமகன் வீட்டார் சீதனம் எண்டு ஒரு சதம் கேக்கேல்லை, பிறகு என்னத்துக்கு எண்டு கேட்டன். கேக்காமல் கட்டினதை ஊரெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சிட்டு, அதையே உனக்கு இல்லை எண்டுறதுக்குக் காரணமாக்கினன். விடியும்வரை கதைச்சன். அவர் களைச்சுப்போய், “உன்ர விருப்பம்” எண்டிட்டுத் துவாயைத் தோளில போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். பஸ்ஸில திரும்பி வரேக்க என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

அந்த வருசம் தம்பி அவுஸ்திரேலியாக் கப்பலுக்குக் காசு கட்டப் பெடியளோட திரிஞ்சவன். உனக்கு நாங்கள் சொல்லேல்லை. அண்ணாவுக்குப் பிறகு எனக்கு அவன் ஒருத்தன். காணி தன்ர எண்டா நிப்பான் எண்டு நினைச்சன். கயிறு போட்டுக் கட்டிற மாதிரிக் கட்டினன், உன்ர காசை முறுக்கின கயிறு. அவன் நிண்டிட்டான். அதால நான் செய்தது சரி எண்டு இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தனான். நீ எப்பிடியும் பிழைப்பாய் எண்டும் சொல்லிக்கொண்டு இருந்தனான். பிழைக்கிற பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கத் தேவையில்லை எண்டு ஆர் எனக்குச் சொல்லித் தந்தது எண்டு தெரியேல்லை.

உன்னட்ட மார்கழியில “அப்பா எழுதினது” எண்டு போட்டேனே, அது ஒரு பொய் இல்லை, இரண்டு பொய். காணியை நான் எடுத்தன், பழியை அவருக்குக் குடுத்தன். செத்த மனிசன் மறுத்துச் சொல்ல மாட்டார்தானே.

போன கிழமை கந்தோருக்குப் போய்க் கேட்டன். நான் இருக்கும்வரை எனக்கு, எனக்குப் பிறகு தம்பிக்கு. எழுதினவர் இல்லாததால என்னால பேரை மாத்த ஏலாதாம். தம்பிக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. வற்றாப்பளைப் பொங்கல் முடியச் சொல்லுவன். பொங்கலுக்கு நீ வந்தா உனக்கு முன்னாலயே சொல்லுவன். சங்கத்தில சொல்லுவனோ தெரியேல்லை. அந்தப் பொம்பிளையளுக்கு முன்னால இனி என்ன முகத்தோட எழும்பி நிக்கிறது? அடுத்த முறை மண் நிரப்பேக்க பாப்பம்.

கழுத்தைச் சுத்திக்கொண்டு போ. சின்னவளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
அம்மா.

பி.கு: புழுக்கொடியல் நல்லாக் காயேல்லை, அவன் கெதியாப் போறதால அவசரத்தில கட்டினன். பையை அவிழ்த்த உடனை ஹீற்றருக்குப் பக்கத்தில ஒரு பேப்பரில பரவிவிடு, இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். தடிப்பா இருக்கிறது எங்கட கிணத்தடிப் பனையின்ர. நீ பொறுக்கித் தாட்ட கொட்டையில வந்தது, நாலாம் வகுப்பு விடுமுறையில.