போனை எடுத்தவருக்கும் வாசலில் நின்றவருக்கும்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே,

உங்களில் ஒருவர் பெயரையும் இங்கே எழுத மாட்டேன். குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில், அறைக்குள் பார்த்த முகமும் கேட்ட கதையும் வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தானே அத்தனை பேரும் வாய் திறக்கிறோம். யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, அந்த ராத்திரி பதினொரு மணிக்குப் போனை எடுத்த அண்ணனுக்கு. அதற்கு முன் இரண்டு முறை குழுவைத் தேடிப் போய்த் திரும்பியவன் நான். ஒரு முறை கையில் இருந்தது பழைய முகவரி. இன்னொரு முறை கூட்ட நாள் மாறியிருந்தது. பூட்டைப் பார்த்ததும் நேரே குடிக்கப் போனேன். குடிநோயாளிக்கு அந்த ஒரு சாக்கு போதும். மூன்றாம் முறைதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எண்ணுக்கு அழைத்தேன். நீங்கள் புத்திமதி சொல்லவில்லை. "தினமும் எவ்வளவு? கடைசியா எப்போ குடிச்சீங்க? காலைல கை நடுங்குதா?" என்று மட்டும் கேட்டீர்கள். பதிலைக் கேட்டுவிட்டு, "நாளைக்கே சுத்தமா நிறுத்திடறேன்னு கிளம்பாதீங்க தம்பி. முதல்ல டாக்டர், கூடவே கூட்டம்" என்றீர்கள்.

பல வருஷம் தினமும் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் புத்தி குழம்பி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இது எனக்கு அதுவரை தெரியாது. சபதம் போட்டு அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டுமே உங்களுக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், நாளுக்கு நாள் அளவு குறையும் மாத்திரைகளும் எழுதிய அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. மாத்திரைகளுக்குக் கீழே 'வியாழன், மாலை 7, கூட்டம்' என்று எழுதி, "இதையும் வேளை தவறாம எடுக்கணும்" என்றீர்கள்.

அந்த வியாழன் வாசலில் நின்ற அண்ணா! தெருமுனை வரை வந்து திரும்பி நடக்கத் தொடங்கியவனை நீங்கள் கூப்பிடவில்லை, பின்னால் ஓடி வரவும் இல்லை. நான் நின்று திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து கையை மட்டும் உயர்த்தினீர்கள். உள்ளே போனதும் தண்ணீர் தந்தீர்கள். டம்ளரில் பாதிதான் இருந்தது. ஏன் பாதி என்று அப்போது புரியவில்லை. என் கை நடுங்கியும் ஒரு சொட்டுகூடச் சட்டையில் சிந்தாதபோதுதான் புரிந்தது. உங்கள் கையும் ஒரு காலத்தில் அப்படித்தானே நடுங்கியிருக்கும்.

படிவம் இல்லை, கட்டணம் இல்லை, என்ன சாமி என்ற கேள்வி இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும் என்றீர்கள். கதவோரம் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர், ஷூவுக்குள் பாட்டிலை ஒளித்ததையும், மறுநாள் அந்த ஷூவையே தேடித் தன் மகனை அடித்ததையும் சொன்னார். என் வீட்டுக் கதை இவருக்கு எப்படித் தெரியும் என்று உடம்பு சிலிர்த்தது. அன்று நான் வாய் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை.

என் ஸ்பான்சர் அண்ணன் (குழுவில் எனக்கு வழிகாட்டும் மூத்தவர்) பின்னொரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து 1935 கதையைச் சொன்னார். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல். வந்த வியாபாரம் கெட்டுப்போய்த் தனியே நின்றார் பில், குடியை நிறுத்தியிருந்த ஒரு குடிநோயாளி, பின்னால் இந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் போன். குடித்துவிடுவோமோ என்று பயந்தவர் போன் பக்கம் போய், தன்னைப் போல் இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் இயக்கம் தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. "அன்னைக்கு உதவி தேவைப்பட்டது போன் பண்ணினவருக்குத்தான்" என்றார் அண்ணன். போனை எடுத்த அண்ணா, ராத்திரி நேரத்தில் நான் அழைத்ததற்கு நீங்கள் ஏன் எனக்கு நன்றி சொன்னீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

நாற்பத்தோராம் நாள் குடித்துவிட்டேன். அழைத்தபோது "ஏன்?" என்று நீங்கள் கேட்கவில்லை. "எங்க இருக்கீங்க?" என்றுதான் கேட்டீர்கள். மறு வியாழன் கதவோர நாற்காலி எனக்காகக் காலியாக இருந்தது.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான குழுவான அல்-அனான் அக்காமாருக்கு என் மனைவி சார்பாகவும் நன்றி. அவர் குடிப்பதற்கு நீ காரணமில்லை, உன்னால் அதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ முடியாது என்று அவளுக்குச் சொன்னீர்கள். அதைக் கேட்டு வந்த ராத்திரிதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் திருந்துவதற்கு முன்பே அவளைத் தேற்றிவிட்டீர்கள்.

இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால்: கிளம்பும் முன் ஒரு போன் செய்து நாளும் நேரமும் சரிதானா என்று கேளுங்கள். வீட்டாரையும் அழைத்து வருவதானால், எல்லோரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்பதையும் கேளுங்கள். இந்த மாதத்திலிருந்து அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. ஏழு மணிக் கூட்டத்துக்கு ஆறரைக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் வியாழக்கிழமைத் தம்பி