தூணின் காலை விடுங்கள்: நகராட்சி ஆணையருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருவில் சிமெண்ட் சாலை போட்ட கதை தங்களுக்குத் தெரியும். மனுக்களும் தங்கள் மேசையில்தான் கிடக்கின்றன. எனவே எங்கள் வீட்டுத் திண்ணைகளின் மரத்தூண்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவற்றை நிறுத்திய தச்சர்கள் ஒன்றைக்கூட மண்ணில் ஊன்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் கருங்கல் வைத்தார்கள். மரம் தன் அடிவெட்டு வழியாகத்தான் நீரை வேகமாக உறிஞ்சும். கல்லின்மேல் நின்றதால் நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிட்டது. தங்கள் ஒப்பந்ததாரரோ பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதியதைப் போட்டார். பிறகு, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தூண்களைச் சுற்றியும் கலவையைக் கொட்டிப் பூசினார். கல் புதைந்தது, மரத்தின் கால் சிமெண்டுக்குள் சிக்கியது. நடுவில் விழும் மயிரிழை இடைவெளியில் இறங்கும் மழைநீருக்கு வெளியேற வழியில்லை. ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே மரத்தைப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் தூணில் தச்சர் உளியை வைத்து அழுத்தினார், பிடிவரை இறங்கியது. மேலே வைரம் பாய்ந்த தேக்கு, கீழே ஊறிய புண்ணாக்கு. இப்போது உத்தரத்தைச் சவுக்குக் கட்டை தாங்குகிறது; அதுவும் அதே ஈரத்தில்தான் நிற்கிறது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் அவர் தேக்கு வாங்க வேண்டுமா? புகார் சொன்னபோது, “பெயிண்ட் அடியுங்கள்” என்றார் தங்கள் பொறியாளர். உள்ளே ஈரம் இருக்கும்போது பெயிண்ட் அடித்தால், அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும், ஐயா.

தெருமுனையில் ‘பாரம்பரியத் தெரு’ என்று பலகை வைத்திருக்கிறீர்கள். அதன் இரும்புக் கால்களுக்கு மட்டும் பீடம் கட்டி, தண்ணீர் படாமல் உயர்த்தியிருக்கிறீர்கள். ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. சாக்கடை மட்டம் சாலைக்கு மேலே இருப்பது, திறப்பு விழாவோடு அணைந்த விளக்குகள் எல்லாவற்றையும் எழுதினால் இந்த மடல் முடியாது.

கேட்பது இதுதான்: ஒவ்வொரு தூணைச் சுற்றியும் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டை உடைத்தெடுத்து, கல் வெளியே தெரியும்படி செய்யுங்கள்; தண்ணீர் தெருப்பக்கம் ஓடச் சரிவு கொடுங்கள். இற்ற அடியை அறுத்து ஒட்டுப்போடும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த தெருவிலாவது, பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதியது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இட்ட உத்தரவைப் பின்பற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன் தூண்களின் கால்களை விடுவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தெருவாசி ஒருவர்