பர்மா தனியா வாங்கும் நம்ம வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்ம கடையில் வாங்கிய பர்மா தனியா (கொத்தமல்லி மணம் வீசும் நீள இலைச் செடி) நாற்று, நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, உச்சியில் முள்ளும் பச்சைப் பூவுமாக நிற்கிறது. கீழே, "தனியா என்று சொல்லி முள்செடியை விற்று ஏமாற்றுகிறார்கள்" என்று ஒரு வரி. அனுப்பியவர் யார் என்று தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். நேரில் வந்து கேட்டிருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விளக்கியிருப்பேன். குழுவில் போட்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து எழுத வேண்டியதாகிவிட்டது.

அது வேறு செடி இல்லை, பர்மா தனியாவேதான். இலை ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருப்பது உங்களுக்கே தெரியும். இளசாக இருக்கும்போது அது கையில் உறுத்தாது. பூத்தண்டு எழும்பியதும் அந்தப் பல்லெல்லாம் விறைத்து முள்ளாகிவிடும், இலையும் சிறுத்து நாராகும். கொத்தமல்லி பூவெடுத்தால் இலை மெலிந்து போகிறதே, அதுபோலத்தான். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் பூத்தது என்றால், வெயில். இந்தச் செடிக்கு நிழல்தான் வாழ்வு. பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் திறந்த வெயிலில் வைத்தால் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூக்கப் போய்விடும். நிழலில் இருப்பது அகலமான, கரும்பச்சை இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் நம்ம தோட்டத்தில் பாக்கு மரத்துக்கு அடியில் வைத்திருக்கிறோம், மரம் இல்லாத பக்கம் பச்சை வலை கட்டியிருக்கிறோம். சுற்றி வந்த படத்தை இன்னொரு முறை பாருங்கள். செடிக்குப் பின்னால் தெரிவது மொட்டைமாடி. மேலே ஓலைகூட இல்லை. நாற்று கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் "நிழலில் வையுங்கம்மா" என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். கூட்ட நேரத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம், அதற்காக ஏமாற்றுகிறோம் என்பதா?

இத்தனைக்கும் அந்தச் செடி வீணாகவும் போகவில்லை. தண்டு விரல் நீளம் எழும்பும்போதே அடியோடு கிள்ளிவிட்டால் பக்கத்துக் குருத்திலிருந்து மறுபடி இலை வரும். ஒரு செடியை மட்டும் பூக்க விட்டுவிடுங்கள், விதை உதிர்ந்து சுற்றிலும் தானாக முளைக்கும். கடையில் நாற்று வாங்கவே தேவைப்படாது. வியாபாரி இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

விதை போட்டு முளைக்கவில்லை என்பவர்களுக்கு: தூசு மாதிரி விதை அது, மண்ணுக்குள் புதைக்கக்கூடாது. மேலே தூவி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும். பத்து நாளில் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்து கேட்டால் நான் என்ன செய்ய? மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் நமக்குத் தெரிந்த வழி.

முள்செடி என்று சொன்னவருக்கு இன்னொன்றும் சொல்ல ஆசை. இது அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்த செடி. கரீபியன் தீவுகளான புவேர்ட்டோ ரிக்கோவிலும் டிரினிடாடிலும் அன்றாடச் சமையலே இதை நம்பித்தான். வியட்நாமில் நூடுல்ஸ் சூப்போடு பச்சையாகத் தட்டில் வைக்கிறார்கள். அசாமிலும் மணிப்பூரிலும் சட்னிக்கும் மீனுக்கும் போடுகிறார்கள். நம்ம அந்தமான் தீவில் மட்டும் இது ஏமாற்று வேலையா? கொத்தமல்லிக்கட்டு சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் வந்து இறங்கும்போது பாதி அழுகியிருக்கும், விமானத்தில் வந்தால் விலை கேட்கவே பயமாக இருக்கும். இங்கேயே விதைத்தாலும் மே மாத மழைக்கு மேல் நிற்காது. அந்த மாதங்களில் போர்ட் பிளேர் அடுப்படிகளுக்கு மணம் கொடுப்பது எது என்று உங்களுக்கே தெரியும்.

வாசம் தூக்கலாக இருக்கிறது என்று சிலர் சொன்னீர்கள். கொத்தமல்லி அளவுக்கே போட்டால் அப்படித்தான் இருக்கும். ஒரு குடும்பத்து ரசத்துக்கு ஒரு இலை போதும். இன்னொரு வித்தியாசம், கொத்தமல்லியை இறக்கும்போது தூவுகிறோம், இது கொதி தாங்கும். மீன்குழம்புக்கு வெங்காயம் வதக்கும்போதே பொடியாக நறுக்கிப் போட்டுவிடலாம், குழம்பு இறக்கும்போதும் மணம் இருக்கும். சட்னிக்குத் தேங்காய், பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் புளி. ஆனால் இலையை முழுசாக மிக்சியில் போடாதீர்கள், நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். குறுக்கே நறுக்கிப் போடுங்கள். பறிக்கும்போது வெளி வட்டத்து இலையை மட்டும் எடுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள்.

அப்புறம், தோட்டத்தில் இலை பறித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அக்கா, தன் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். அவர் கைவேகம் வேறு யாருக்கும் இல்லை. அதனால் அடுத்த மாதத்திலிருந்து கட்டு 10 ரூபாய்க்குப் பதில் 15 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் இப்போதைக்கு இல்லை.

இந்தப் படம் சுற்றியபோது, "எங்கள் வீட்டுச் செடி நன்றாகத்தானே இருக்கிறது" என்று உடனே தங்கள் தொட்டியைப் படம் எடுத்துப் போட்டவர்களை மறக்க மாட்டேன். ஜங்லிகாட்டிலிருந்தும் டாலிகஞ்சிலிருந்தும் பஸ் பிடித்து வந்து வாங்கிப் போகிறவர்கள், கட்டு சிறியதாக இருந்த மழை நாட்களிலும் முகம் சுளிக்காதவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் கடை ஓடுகிறது.

உங்கள் செடியிலும் தண்டு எழும்பியிருந்தால் தொட்டியோடு கொண்டு வாருங்கள், கிள்ளிக் காட்டுகிறேன், காசு வேண்டாம். கடை வழக்கம்போலக் காலை ஐந்தரைக்குத் திறந்திருக்கும். ஞாயிறு மதியம் வரைதான்.

அன்புடன்,
உங்கள் கீரைக்கடைக்காரர்
கராச்சர்மா